பிக்கப் வண்டியின் விசில்: காற்றுக் கசிவா, பெல்ட்டா?

டர்போ டீசல் பிக்கப் விசிலடித்தால் உடனே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையே மாற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மெல்லிய விசில் டர்போவுக்கு இயல்புதான். புதிதாகக் கூடிய சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

பாரத்தோடு மேடேறும்போது மட்டும் சத்தம் எழுந்து, இழுவை குறைந்து, கரும்புகையும் வந்தால், டர்போவுக்கும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள குழாயில் கசிவு இருக்கலாம். எஞ்சின் ஆறியதும் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்க் கறை படிந்த இடத்தில் வெடிப்பு ஒளிந்திருக்கலாம். சில வேளைகளில் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்கினாலே போதும்.

எஞ்சினின் வெளிப்புறத்தில் ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் பெல்ட் பக்கத்துச் சத்தமோ வண்டி நின்றிருக்கும்போதும் கேட்கும். அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். சத்தம் மறைந்தால் பெல்ட்டோ அது சுழற்றும் புல்லி, பேரிங்குகளோதான் காரணம். நீண்ட நேரம் ஓட்டவே கூடாது: பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுழல்கிறது.