முட்டை இல்லாத கேக்: என் ஓட்டு தயிருக்கு

எங்கள் வீட்டில் பாட்டியும் மாமியாரும் முட்டை தொட மாட்டார்கள். பிறந்தநாள் என்றால் எல்லோரும் ஒரே கேக்கைச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் இருவருக்கு மட்டும் தனியாகக் கேசரி கிண்டி வைக்க மனம் ஒப்பவில்லை. அதனால் தயிர், கண்டென்ஸ்டு மில்க், ஆளி விதை, வாழைப்பழம், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் என்று முட்டைக்கு மாற்றாகச் சொல்லப்படுகிற பலவற்றையும் செய்து பார்த்தேன். இப்போது எந்த விசேஷம் வந்தாலும் கை தயிர்ச் சட்டியைத்தான் தேடுகிறது.

முதலில் முட்டை என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஓடு நீக்கிய ஒரு முட்டை சுமார் 50 கிராம். அதில் முக்கால் பங்கு தண்ணீர், 12, 13 சதவீதம் புரதம். வெள்ளைக்கரு அடிக்க அடிக்கக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, சூட்டில் இறுகி கேக்கைத் தாங்குகிறது. மஞ்சள்கருவில் இருக்கும் லெசித்தின் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கிறது. இத்தனையையும் ஒன்றாகச் செய்கிற மாற்றுப்பொருள் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வேலையைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வாழைப்பழத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முட்டைக்குக் கால் கப் மசித்த பழம். ஈரமும் பிணைப்பும் தரும். ஆனால் எதில் போட்டாலும் அது வாழைப்பழக் கேக் ஆகிவிடும். கோதுமை மாவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தோல் கறுத்த ரோபஸ்டாவைப் போட்டுச் செய்தால் அருமையாக இருக்கும். வெனிலா கேக் கேட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்க முடியாது.

ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வெள்ளைக்கரு பதத்துக்கு வரும். பிரவுனிக்கும் பிஸ்கட்டுக்கும் நான் நம்பி எடுப்பது இதைத்தான். பிணைக்கும், ஆனால் உப்ப வைக்காது. வெள்ளைக் கேக்கில் பழுப்புப் புள்ளிகள் தெரியும், கொஞ்சம் கூடிவிட்டால் நடுவில் பிசுபிசுப்பு நிற்கும்.

கொண்டைக்கடலைத் தண்ணீர் வேறு ரகம். அக்வாஃபாபா என்ற பெயர் 2015இல்தான் வந்தது. வெள்ளைக் கடலையை உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து அடித்தால் வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்து எழும்பும். சுண்டலுக்கு உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் இதற்கு உதவாது. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் சுடுகிற மெரிங்குக்கு, வெள்ளைக்கருவுக்குப் பதிலாக நான் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன், நன்றாக வந்தது. முழுக் கேக்கில் எனக்குப் போதிய அனுபவம் இல்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கடையில் விற்கும் முட்டை மாற்றுப் பொடிகளும் அப்படித்தான், நான் அதிகம் வாங்கியதில்லை.

ஆகவே வெனிலா, சாக்லேட் போன்ற சாதாரணக் கேக்குக்கு உண்மையான போட்டி கண்டென்ஸ்டு மில்க்குக்கும் தயிருக்கும்தான்.

செய்த அன்றைக்கே வெட்டிச் சாப்பிடுவதாக இருந்தால் கண்டென்ஸ்டு மில்க் கேக்தான் ஒரு படி மேல். அதன் எடையில் பாதிக்கு மேல் இனிப்பு. அந்த இனிப்பும் பாலின் புரதமும் சேர்ந்து மேற்புறத்தைப் பொன்னிறமாக்கும், வெண்ணெயோடு சேரும்போது பால்கோவா மணம் வரும். என் மாமியார் இன்றும் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார். இனிப்பைக் குறைக்க வழியில்லை, டின் விலையும் அதிகம். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த குறைகள்.

எனக்கு முடிவைத் தந்தது மறுநாள். வீட்டில் செய்கிற கேக்கை எத்தனை பேர் அன்றே தின்று தீர்க்கிறார்கள்? முதல் நாள் இரவு செய்து வைப்போம், மறுநாள் மாலை வெட்டுவோம், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவோம். அந்த இரண்டாவது நாளில் கேக் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வெந்த மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி இளகி நிற்கும், ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி இறுகும். ஃப்ரிட்ஜ் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவதும் இதனால்தான். முட்டைக் கேக்கில் மஞ்சள்கருவின் கொழுப்பும் லெசித்தினும் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகின்றன. முட்டையை எடுத்துவிட்டால் அந்தத் தடுப்பு போய்விடுகிறது. ‘எக்லெஸ் கேக் என்றாலே உதிரும், தொண்டையில் அடைக்கும்’ என்று பலர் சொல்வது பெரும்பாலும் மறுநாள் கேக்கைத் தின்றுவிட்டுத்தான்.

சரி, ஃப்ரிட்ஜில் வைக்காமல் இருந்தால்? சென்னை வெயிலில் ஈரமான கேக்கை மேசை மேல் இரண்டு நாள் வைக்க எனக்குத் துணிவில்லை. மேலே கிரீம் தடவியிருந்தால் பேச்சே இல்லை, ஃப்ரிட்ஜ்தான். அங்கேதான் கண்டென்ஸ்டு மில்க் கேக் தோற்கிறது. அதன் வழக்கமான செய்முறை வெண்ணெயை நம்பியது. வெண்ணெய் குளிரில் கட்டியாகிவிடும், மாவுச்சத்தும் இறுகும். இரண்டும் சேர்ந்தால் கத்தி இறங்கவே யோசிக்கும். வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வைத்தால் ஓரளவு திரும்பிவரும், முழுசாக அல்ல. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் விட்டுச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், மென்மை கூடும். ஆனால் எந்த வெண்ணெய் மணத்துக்காக அந்த டின்னைத் திறந்தோமோ அது போய்விடுகிறது.

தயிர்க் கேக் பிறவியிலேயே எண்ணெய்க் கேக். சூரியகாந்தி போன்ற எண்ணெய் ஃப்ரிட்ஜிலும் இறுகிக் கட்டியாவதில்லை. தயிரின் ஈரம் உள்ளே நிற்கிறது, அதன் புளிப்பு மாவின் இழுவையைத் தளர்த்துகிறது. மறுநாள் அடுக்காக அறுத்துக் கிரீம் தடவுவதற்கு முதல் நாளைவிட வாகாகவே இருக்கும், சூட்டோடு அறுத்தால்தான் உதிரும். சாக்லேட் கேக்கில் இரண்டாம் நாள் சுவை கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாட்டியின் பல்லுக்கும் சிரமமில்லை.

நான் செய்யும் அளவு: மைதா ஒன்றரை கப், கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், மணமில்லாத எண்ணெய் அரை கப், சமையல் சோடா அரை தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, கொஞ்சம் வெனிலா. தயிரும் சர்க்கரையும் கரையும் வரை அடித்து, சோடாவையும் பவுடரையும் சேர்த்து ஐந்து நிமிடம் வைத்தால் பொங்கி வரும். பிறகு எண்ணெய், வெனிலா, சலித்த மைதா. மாவு மறையும் வரை கலந்தால் போதும், இட்லி மாவு மாதிரி அடிக்கக் கூடாது. உடனே 180 டிகிரி சூட்டில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். சோடாவும் புளிப்பும் சேர்ந்ததும் வாயு வெளியேறத் தொடங்கிவிடும், ஓவனை அதற்கு முன்பே சூடாக்கி வைத்திருக்க வேண்டும்.

தயிரின் சிக்கல் அதன் புளிப்பு நாளுக்கு நாள் மாறுவது. டின்னில் வருவது எப்போதும் ஒரே மாதிரி, தயிர் அப்படியில்லை. காலையில் உறைந்த புதுத் தயிரில் சோடாவை வெட்டுகிற அளவு புளிப்பு இருக்காது. அப்போது கேக் உள்ளே மஞ்சள் பூத்து, நாக்கில் சவர்க்கார வாடை தட்டும். அந்த மாதிரி நாளில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுகிறேன். தண்ணீர் விட்ட தயிரானால் துணியில் கட்டிப் பதினைந்து நிமிடம் தொங்கவிட வேண்டும். மிகவும் புளித்துவிட்டால் மோர்க்குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கேக்குக்கு வேண்டாம்.

பெரியவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் மேலே அலங்கரிக்கிற பொருள்களின் உறையையும் பாருங்கள். பச்சை வட்டம் இருக்க வேண்டும். மார்ஷ்மெல்லோ பலவற்றில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும்.

எல்லாக் கேக்கையும் தயிரால் மாற்ற முடியாது. ஒன்று அல்லது இரண்டு முட்டை கேட்கிற செய்முறையில் முட்டைக்குக் கால் கப் தயிர் போட்டால் சமாளிக்கும். அதற்கு மேல் கேட்டால், முதலிலிருந்தே முட்டையில்லாமல் எழுதப்பட்ட செய்முறையை எடுப்பது நல்லது. சுவிஸ் ரோல், ஷிஃபான் போன்றவை பெரும்பாலும் முட்டை நுரையை நம்பி எழும்புகிறவை. அவற்றுக்குத் தயிரை நான் சொல்ல மாட்டேன், கண்டென்ஸ்டு மில்க்கையும் சொல்ல மாட்டேன்.