புதைந்தால் எந்த வண்டி எழும்? மணல்மேட்டுக்கு ஐந்து வண்டிகள்

மணல்மேட்டு ஓட்டத்துக்கு எந்த வண்டி நல்லது என்று ஒரு கிளப்பில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, எல்லாரும் தங்களிடம் இருப்பதைத்தான் சொல்வார்கள். பேச்சு உடனே குதிரைசக்திக்கும் டர்போவுக்கும் சஸ்பென்ஷனுக்கும் தாவிவிடும்.

தொடர் விடுமுறைக்குக் கூட்டமாகப் போய் இரண்டு மூன்று நாள் பாலைவனத்தில் முகாம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி. முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி புதைந்தால், அதை எடுக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆகும்? கிளப்பில் ஒருவர் புதைந்தால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். நின்ற இடம் ஏற்றமாக இருந்துவிட்டால் அவர்களில் பாதிப் பேர் கிளம்பவும் முடியாது. ஆகவே இந்த அலசலில் எல்லா வண்டிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடுகிறேன். மற்றவை அதற்குப் பிறகு.

மணலைப் பற்றி இரண்டு வார்த்தை. காற்று வரும் பக்கம் சரிவு குறைவு. பெரும்பாலும் 10, 15 டிகிரிதான் இருக்கும், மணலும் இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழுந்து உருவான முகம், தளர்வாகவும் செங்குத்தாகவும் இருக்கும். உலர்ந்த தளர்மணல் தாங்கும் சரிவு சுமார் 34 டிகிரிதான்; அதைத் தாண்டினால் தானே வழிந்துவிடும். "50 டிகிரி ஏறினேன்" என்று யாராவது அளந்தால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து சரிவின் அளவில் இல்லை, முகட்டில் இருக்கிறது. நேற்று மெல்ல இறங்கிய முகடு, ராத்திரி அடித்த காற்றில் இன்று கத்தி முனையாக நிற்கலாம்.

ஃபோர்-வீல் டிரைவ் ஜீப்கள், எஸ்யுவிகள்

பலரிடம் ஏற்கெனவே இருப்பது இதுதான். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, மணலில் இறக்கி, அதே வண்டியில் திரும்பலாம். டிரெய்லர் வேண்டாம். ஏசி உண்டு. தண்ணீர், கூடாரம், டூல்ஸ் எல்லாம் உள்ளேயே அடங்கும். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துவர இதைவிட வசதியானது கிடையாது.

பிரச்சினை எடை. இரண்டு, இரண்டரை டன். அதனால் மணலில் இதன் தலைவிதியைத் தீர்மானிப்பது இன்ஜின் அல்ல, டயரில் உள்ள காற்றுதான். சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் டயரை 15, 18-க்கு இறக்கினால் டயர் தரையில் பதியும் தடம் நீளமாகிறது. அகலம் அவ்வளவாகக் கூடாது, நீளம்தான் கூடும். எடை பரவலாக விழுவதால் வண்டி மணலை வெட்டாமல் அதன்மேல் மிதந்து போகும். இன்னும் இறக்கலாம். ஆனால் பீட்லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மில் 10-க்குக் கீழே வைத்துக்கொண்டு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அதை மணலுக்குள் ஜாக்கி வைத்து மாட்டுவதற்குள் பாதி நாள் போய்விடும்.

புதையும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏற்றத்தில் வேகம் விழுகிறது. ஓட்டுபவர் பதறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுற்றி, நான்கு குழி தோண்டிக்கொள்கின்றன. மூன்று விநாடி போதும், வயிறு மணலில் தட்டிவிடும். அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. எடையைத் தாங்குவது சக்கரங்கள் அல்ல, சேஸிஸ்தான். இப்போது இறங்கி, முதலில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் மணலை வார வேண்டும். அப்புறம் சக்கரங்களின் பின்பக்கம் சரிவாக வழி வெட்ட வேண்டும். காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ். அவசரக்காரர்கள் சக்கரத்தின் முன்னால் மட்டும் வாரிவிட்டு வயிற்றை மறந்துவிடுவார்கள். இரண்டாம் முறை வண்டி இன்னும் ஆழமாகப் போகும்.

வரவில்லை என்றால் கயிறு. மணலுக்கு வேண்டியது நீளும் வகைக் கயிறு. இழுக்கும் வண்டி கொஞ்சம் ஓடி வர, கயிறு நீண்டு, அந்த விசையில் புதைந்த வண்டி மெல்லப் பிடுங்கப்படும். இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிற்றைப் போடாதீர்கள். அது முறிந்தால் தோட்டா மாதிரி பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸிஸோடு போல்ட் போட்ட மீட்புக் கொக்கி இல்லாத வண்டியை கான்வாயில் சேர்க்கவே கூடாது.

ஆக, கணக்கு: மூன்று நான்கு பேர், அரை மணி நேரம், இன்னொரு வண்டி. ஐந்து வகைகளில் இதுதான் மோசமான மதிப்பெண்.

குவாட்

பைக் மாதிரி ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டிதான் குவாட். இதே கேள்வியில் அது நூற்றுக்கு நூறு வாங்கும். ஸ்போர்ட் குவாட் ஒன்று 180, 200 கிலோதான். பின்சக்கரம் புதைந்ததா? இறங்கி, பின்பக்க பம்பரைப் பிடித்துத் தூக்கி, ஓர் அடி பக்கவாட்டில் நகர்த்திப் புது மணலில் வைத்து, ஏறிக் கிளம்ப வேண்டியதுதான். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாரும் குவாட்டே வாங்கிவிடலாமே? வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1970-ல் ஹோண்டா மூன்று சக்கர ஏடிசியைக் கொண்டுவந்தது. ஜாலியான வண்டி, ஆனால் திருப்பத்தில் கவிழும். காயங்களும் சாவுகளும் ஏறிக்கொண்டே போக, 1988-ல் தயாரிப்பாளர்கள் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர விற்பனை அங்கே நின்றது. நான்காவது சக்கரம் வந்ததால் கவிழ்வது குறைந்தது, ஒழியவில்லை. குவாட்டில் ஆளைச் சுற்றிக் கூண்டு கிடையாது. முகட்டைத் தாண்டி மூக்கு குத்தினால் வண்டி உங்கள் மேல்தான் வந்து விழும். அதைவிட அடிக்கடி நடப்பது ஒன்று: சமநிலை தவறும்போது பைக் பழக்கத்தில் காலைக் கீழே ஊன்றுவது. ஊன்றிய காலைப் பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும். கால்வைக்கும் இடத்தில் வலை கட்டிய நெர்ஃப் பார் அதற்காகத்தான். அது இல்லாத குவாட்டைப் புதியவர் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குறை, குவாட் உடம்பால் ஓட்டுகிற வண்டி. இரண்டாம் நாள் மாலையில் முன்கை விறைத்து, பிரேக் லீவரைப் பிடிக்கவே விரல் தயங்கும். சாமான் ஏற்ற இடமும் கிடையாது. 1987-ல் வந்த யமஹா பான்ஷியை, அந்த டூ-ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர் பிசாசை, இன்னும் பிரித்துக் கோத்து ஓட்டிக்கொண்டிருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களிடம் இந்தக் குறைகளைச் சொல்லிப் பயனில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குமே கொஞ்சம் மனசு மாறும்.

சைடு-பை-சைடு

இப்போது மணல்மேடுகளில் எங்கு பார்த்தாலும் இதுதான். ஸ்டீயரிங், அருகருகே சீட், பெல்ட், சுற்றிலும் கூண்டு. யமஹா ரைனோ 2004 மாடலாக வந்தது. வேலைக்கு ஓட்டிய வண்டியை விளையாட்டுக்கும் ஓட்டலாம் என்று காட்டியது அதுதான். ஆனால் குறுகலான வண்டி, கவிழும் பழக்கம் இருந்தது. 2009-ல் யமஹா விற்பனையை நிறுத்திவைத்து, பின்சக்கரங்களை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டு அகலப்படுத்தி, வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் பின்பக்க ஆன்டி-ஸ்வே பாரைக் கழற்றிக் கொடுத்தது. 2008 மாடலாக வந்த முதல் போலாரிஸ் ஆர்இசட்ஆர் 50 அங்குல அகலம். இன்றைக்கு மணலுக்கென்றே வரும் கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3-யின் அகலமான ரகம் 72 அங்குலம். அகலம் வளர்ந்த கதைதான் இந்த வண்டிகளின் பாதுகாப்பு வளர்ந்த கதையும்.

எடை 600 முதல் 900 கிலோ. புதைந்தால் இரண்டு மூன்று பேர் தள்ளினாலே பெரும்பாலும் வந்துவிடும், இல்லையென்றால் இன்னொரு சைடு-பை-சைடு ஒரு பட்டையை மாட்டி இழுத்தால் வரும். பத்து நிமிட வேலை. சரியாக ஓட்டினால் புதைவதே அபூர்வம்.

இதை வீழ்த்துவது மணல் அல்ல, பெல்ட். பெரும்பாலான மாடல்களில் கியர் கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட்தான் சக்தியைக் கடத்துகிறது. வேக ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சில் போட்டுக்கொண்டு மெதுவாக, முக்கி முக்கி ஏற்றம் ஏறினால் பெல்ட் வழுக்கிச் சூடாகும். முதலில் ரப்பர் தீயும் வாசனை, பிறகு ஒரு சத்தம், பிறகு இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. மூடியைத் திறந்தால் பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிளட்சைச் சுற்றியிருக்கும். கை வைக்க முடியாத சூடு. அது ஆற வேண்டும், ஒவ்வொரு நாரையும் பிடுங்க வேண்டும், புது பெல்ட்டைப் போட வேண்டும். அதுவும் கைவசம் புது பெல்ட் இருந்தால்தான். முதல் நாளே பெல்ட் அறுந்து விடுமுறை முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு. பெல்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு யமஹா ஒய்எக்ஸ்இசட்1000ஆர் கியர் போட்டு ஓட்டுவது, ஹோண்டா டேலன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ளது. இரண்டிலும் டர்போவின் மூர்க்கம் கிடையாது, ஆனால் கிளப் ஓட்டத்துக்கு அது ஒரு குறையே அல்ல.

ஓட்டுபவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம்: கவிழும்போது கையை வெளியே நீட்டித் தரையைத் தாங்கப் பார்ப்பது. கூண்டுக்கும் மணலுக்கும் நடுவில் கை மாட்டும். ஜன்னல் வலையும் கைப்பட்டையும் அலங்காரத்துக்கு அல்ல.

சேண்ட் ரெயில், பக்கி

இதுவும் பழைய வண்டிதான். 1964-ல் புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களை ஃபைபர் கிளாஸ் உடலில் பொருத்தி மேயர்ஸ் மேங்ஸ் என்ற பக்கியைச் செய்தார். 1967-ல் அவரும் டெட் மாங்கல்ஸும் அதில் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தை லா பாஸிலிருந்து திஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார்கள்; அதே ஆண்டே அங்கே பந்தயமும் தொடங்கிவிட்டது. வெறும் குழாய்க் கூண்டாக இருக்கும் சேண்ட் ரெயில் அதன் பங்காளி.

இதில் இன்ஜின் சக்தி பின்சக்கரம் இரண்டுக்குத்தான், ஆனாலும் லேசில் புதைவதில்லை. இன்ஜின் பின்னால், ஓட்டுகிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தில் குறுக்கே துடுப்புத் துடுப்பாக ரப்பர் வைத்த பேடில் டயர். முன்பக்கம் லேசு; மணலைத் தொட்டும் தொடாமலும் போகும். அதனால் ஸ்டீயரிங்கை மட்டும் நம்பித் திரும்ப முடியாது. இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனிக் கை பிரேக் உண்டு, அதைப் பிடித்துத்தான் வளைக்க வேண்டும். பழகிவிட்டால் இந்தச் சுகம் வேறெதிலும் இல்லை. ஆனால் முழுக்க மெக்கானிக் மனசுள்ளவர்களின் வண்டி. பாதிக்கு மேல் வீட்டிலோ சின்னப் பட்டறையிலோ கட்டியவை. உடைந்தால் உதிரிபாகம் கட்டியவரின் பெட்டியில்தான் இருக்கும்.

டர்ட் பைக்

450 சிசி பைக் 110 கிலோ சொச்சம். புதைந்தால் பக்கவாட்டில் சாய்த்து, குழியை மூடி, நிமிர்த்தி ஓட்டலாம். நல்ல ஓட்டுநருக்கு மணலில் இதைவிட வேகமான வண்டி குறைவு. கிளப் ஓட்டத்துக்கு மட்டும் தோதுப்படாது. வேகம் குறைந்தால் முன்சக்கரம் மணலுக்குள் போகும், அதனால் கான்வாயின் வேகத்தில் அதற்கு ஓடத் தெரியாது. பைக்குகள் தனிக் குழுவாகப் போய் மாலையில் முகாமுக்கு வரட்டும்.

விடுமுறைக் கூட்டம் என்று வரும்போது வண்டிகளின் உயரமும் கணக்கில் வரும். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில், ஓட்டுபவர்கள் கிளாமிஸ் என்று சொல்லும் இடத்தில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக் கூட்டம் அலைமோதும். அங்கே ஒவ்வொரு வண்டியிலும் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும் என்பது விதி. காரணம் எளிது: முகட்டின் இரு பக்கத்திலிருந்தும் ஏறி வருகிற இருவருக்கும் மற்றவர் தெரியமாட்டார், கொடிதான் முதலில் தெரியும். குவாட்டும் பைக்கும் தாழ்வானவை, கொடி இல்லாவிட்டால் ஜீப்காரர் கண்ணில் படவே படாது. முகாமைச் சுற்றிப் புழுதி கிளப்பி ஓட்டுவதற்கும் அங்கே தடை. ஆட்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் மணிக்கு 15 மைல்தான்.

நடு மத்தியானம் ஓட்ட வேண்டாம். உச்சிவெயிலில் நிழலே விழாது. மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைத் துணியாகத் தெரியும். காலையில் மணல் இறுகியும் இருக்கும், நீள நிழலில் முகடும் தெரியும்.

இனி, புதிதாக வாங்குகிறவருக்கு என் சிபாரிசு: டர்போ இல்லாத, அகலமான, இரண்டு சீட்டு சைடு-பை-சைடு. தனியாளாக, உடம்பில் தெம்போடு, நெர்ஃப் பார் போட்ட குவாட் ஓட்ட விரும்பினால் தடுக்கமாட்டேன். ஜீப் ஏற்கெனவே இருப்பவர் வேறு எதையும் வாங்க வேண்டாம். திரும்பக் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரஸரும் கயிறும் வாங்கினால் போதும். வாடகைக்கு எடுப்பவர்கள் பெல்ட் அறுந்தால் யார் பொறுப்பு என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கலந்துபோகும் கிளப்பாக இருந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்: லேசானவை ஒன்று, ஜீப்கள் இன்னொன்று. இரண்டையும் ஒரே வரிசையில் விட்டால் ஜீப் வெட்டிய ஆழத் தடத்தில் குவாட்கள் தடுமாறும், குவாட்டின் வேகத்தைப் பிடிக்கப் போய் ஜீப்கள் புதையும். ஜீப் குழுவில் அனுபவசாலியை முன்னால் விடுவது எல்லாரும் செய்வதுதான். அவருக்கு நிகரானவர் இன்னொருவர் கடைசி வண்டியிலும் இருக்க வேண்டும். மண் வாரும் ஷவலும் கயிறும் ரேடியோவும் அவரிடமே இருக்கட்டும். புதைபவர் எப்போதும் அவருக்கு முன்னால்தான் இருப்பார்.