அம்மாவோடு ஐரோப்பா: கோச்சியா, பிளேனா, காரா?

பாரிஸ், ஜேர்மனி, சுவிஸ் மூன்றுக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததிலிருந்து, மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “அங்க நாட்டுக்கு நாடு எதில போனீங்க?” அக்கா பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில், தம்பி டோட்முண்டில், அம்மாவின் தம்பி பேர்ணில். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் இப்படித்தான் மூன்று நாட்டில் சிதறிக் கிடக்கின்றன. மூன்று நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் வீசா கிடைத்துவிட்டால், 180 நாளில் 90 நாள் வரை மூன்று வீட்டுக்கும் போகலாம். எப்படிப் போவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தம் இருக்கிறது, இடது முழங்கால் நோவும் உண்டு. போவதற்கு முன் நானும் எல்லாரையும் போல மணித்தியாலத்தையும் யூரோவையும் வைத்துத்தான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குப் பிழை. வயதான ஆளோடு போகும்போது எண்ண வேண்டியது, அவர் எத்தனை தரம் எழும்பி, நின்று, நடந்து, திரும்ப இருக்க வேண்டி வரும் என்பதைத்தான். இதை வைத்துப் பார்த்தால் மலிவானது சில இடத்தில் தோற்கும், வேகமானதும் தோற்கும்.

முதலில் பாரிசிலிருந்து டோட்முண்ட். நான்கு வழி இருந்தது.

பிளேன் பறப்பது ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள். ஆனால் லா கூர்னெவிலிருந்து விமான நிலையம் போக முக்கால் மணி, அங்கே இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு நிற்க வேண்டும், இறங்கி சூட்கேஸ் எடுக்க முக்கால் மணி, பிறகு தம்பியின் வீடு. கூட்டினால் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். நேரத்தை விடுவோம். சோதனை வரிசையில் சப்பாத்தைக் கழற்று, பையைத் தூக்கு, நில், கேற்றுக்கு நட, பஸ்ஸில் ஏறு, பிளேன் படியில் ஏறு என்று பதினொரு தரம் எழும்ப வேண்டும். மலிவு விமான ரிக்கெட்டைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் எந்த விமான நிலையம் என்று முதலில் பாருங்கள். “பாரிஸ் போவே” என்பது பாரிசிலிருந்து 80 கிலோமீற்றருக்கு மேல். “பிராங்க்பேர்ட் ஹான்” பிராங்க்பேர்ட்டிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீற்றர். மட்டக்களப்பு என்று ரிக்கெட் போட்டு பொலநறுவையில் இறக்கிவிட்டது போலத்தான்.

இரவு பஸ் எல்லாவற்றிலும் மலிவு. இளம் பெடியன்களுக்குச் சரி. முழங்காலை மடக்கிக்கொண்டு இரவு முழுக்க இருப்பதை அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை.

கார் நல்ல போட்டி. அத்தான் தானே ஓட்டிக்கொண்டு விடுவதாகச் சொன்னார். வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம், சூட்கேஸ் தொல்லை இல்லை. ஆறு மணித்தியால ஓட்டம், நெரிசல் பட்டால் இன்னும் கூடும். அத்தான் அடுத்த நாள் வேலைக்குத் திரும்ப ஓட வேண்டும். அவர் இரண்டு நாள் லீவு எடுத்தால்தான் அது சரிவரும். முழங்கால் அறவே மடக்க முடியாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் நான் காரைத்தான் சொல்லுவேன். பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு போகலாம்.

நாங்கள் போனது கோச்சியில், அதாவது ரயிலில். லா கூர்னெவிலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர்க் கோச்சியில் இரண்டாவது தரிப்பு ‘கார் டு நோர்’ நிலையம். அங்கிருந்து சிவப்பு நிற யூரோஸ்டார், கொலோனுக்கு ஏறக்குறைய மூன்று மணி இருபது நிமிடம். கொலோனில் தம்பி காரோடு நின்றான். எழும்ப வேண்டி வந்தது நான்கு தரம்தான். கோச்சியில் ஏறவும் இரண்டு மூன்று படி உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கை கொடுக்க உதவியாளர் வருவார். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 24 மணித்தியாலம் முன்பே அறிவித்தால் நிலையத்தில் இலவசமாக உதவி செய்ய வேண்டும். அக்காதான் அதைப் பதிந்தாள். பதியாமல் போகாதீர்கள். வழியில் ஒரு நிலையத்தில் லிப்ட் பழுதாகிக் கிடந்தது. முன்கூட்டியே சொல்லி வைத்ததால்தான் ஒருவர் வந்து மறுபக்கத்தால் கூட்டிப்போனார். இல்லையென்றால் அன்றைக்கு அம்மா நாற்பது படி ஏறியிருக்க வேண்டும்.

கோச்சியை நான் மேலே வைப்பதற்கு இன்னொரு காரணம் சாப்பாடு. அக்கா விடியவே எழும்பி இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் பிரித்துப் பிரித்து அலுமினியத் தாளில் சுற்றித் தந்தாள். பெல்ஜியத்துக்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா இன்சுலின் பேனாவை எடுத்து, நேரம் பார்த்துக் குத்திவிட்டு, மேசையில் லேஞ்சியை விரித்துப் பொதியைத் திறந்தார். சம்பல் வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. எதிரில் இருந்த வெள்ளைக்காரி சிரித்தா, அம்மா அவவுக்கு ஒரு இடியப்பம் நீட்டினார். அவ வாங்கிச் சாப்பிட்டா. சீனி வருத்தக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பிடக் கிடைப்பது பெரிய விஷயம். விமான நிலையச் சோதனையில் பல இடங்களில் தண்ணீர்ப் போத்தலைக்கூட 100 மில்லிலீற்றர் கணக்குப் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்று நம்பிப் பாஸ்போட்டை சூட்கேசுக்குள் வைக்காதீர்கள். 2024 செப்ரெம்பரில் ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை தொடங்கியது. கோச்சியிலும் பொலிஸ் ஏறும். லண்டனிலும் உறவு இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: ஷெங்கன் வீசா அங்கே செல்லாது, தனி வீசா வேண்டும். ஒரே தரம் நுழையும் ஷெங்கன் வீசாவோடு லண்டன் போனால் திரும்பிப் பாரிசுக்குள் வர முடியாது.

பாஸா, தனி ரிக்கெட்டா

இந்த விஷயத்தில்தான் நிறையப் பேர் காசை இழக்கிறார்கள். பல நாட்டுக் கோச்சிகளில் ஒரே ரிக்கெட்டாக ஏறப் பாஸ் உண்டு: ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ், அங்கே வசிப்பவர்களுக்கு இன்டரெயில். கூட வரும் அக்காவுக்கு இன்டரெயில், அம்மாவுக்கு யூரெயில். 60 வயதுக்கு மேல் பத்து வீதம் கழிவு உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் யூரோஸ்டாரில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும், பாஸ்காரருக்கென்று ஒதுக்கிய இருக்கைகளும் கொஞ்சம்தான். மூன்று வீட்டுக்குப் போக எங்களுக்கு மூன்றே மூன்று நீண்ட ஓட்டம். நாளும் தெரியும். அப்படியென்றால் முன்கூட்டி எடுத்த தனி ரிக்கெட்டுத்தான் மலிவு. ஐந்தாறு நாள் நீண்ட ஓட்டம், எந்த நாளில் என்று தெரியாது, விரும்பின இடத்தில் இறங்குவோம் என்றால் பாஸ் வெல்லும். வயதான தாயோடு அப்படி யாரும் திரிவதில்லை.

தம்பி ஜேர்மனியின் மாதாந்த ரிக்கெட்டைச் சொன்னான். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. டோட்முண்டைச் சுற்றி ஓடவும் பக்கத்து ஹம் நகருக்குப் போகவும் அது அருமை. ஆனால் விரைவு வண்டிகளில் செல்லாது. அதை வைத்து சுவிஸ் எல்லை வரை போனால் நாலைந்து இடத்தில் மாறி ஏற வேண்டும். விட்டுவிட்டோம்.

ஹம் என்றதும் சொல்ல வேண்டும். 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயில் அங்கேதான். தொழிற்சாலைகளுக்கு நடுவில் திடீரென்று கோபுரம் தெரியும். அம்மா எங்கள் ஊர் மாமாங்கேஸ்வரர் கோயிலில் கும்பிடுவது போலவே கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பயணத்தில் அவர் முழங்காலைப் பற்றிப் பேசாத நாள் அது ஒன்றுதான்.

வேகமான பாதையா, ஆற்றங்கரைப் பாதையா

கொலோனிலிருந்து தெற்கே போக இரண்டு பாதை. ஒன்று 2002இல் திறந்த அதிவேகப் பாதை. மணிக்கு 300 கிலோமீற்றர் வரை ஓடும், சுரங்கமும் மலையும்தான் மிச்சம். மற்றது ரைன் ஆற்றைத் தொட்டுக்கொண்டு கோப்லென்ஸ், பிங்கன் வழியாகப் போகும் பழைய பாதை. ஒரு மணித்தியாலம் போல கூடச் செல்லும். வேகப் பாதையை எடு என்று தம்பி சொன்னான். நான் கேட்கவில்லை. இருக்கையில் இருக்கும் நேரம் அம்மாவுக்குப் பாரமில்லை; எழும்புவதுதான் பாரம். இரண்டு பாதையிலும் எழும்புவது ஒரே அளவு என்றால், பார்க்க நல்லதை எடுப்பதில் என்ன நட்டம்?

தெற்கே போகும்போது இடது பக்க யன்னல் எடுங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். கோப்லென்சுக்கும் பிங்கனுக்கும் இடையில் மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், உச்சிக்கு உச்சி பழைய கோட்டை. அம்மா வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இந்த ஆத்துக்கு முகத்துவாரம் எங்க புள்ள?”

“ஒல்லாந்து நாட்டிலம்மா.”

“ஒல்லாந்தரா? நம்மட கோட்டையப் புடிச்ச ஆக்களா?”

ஆம், அவர்கள்தான். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள். அதற்குப் பிறகு பிங்கன் வரை அம்மா யன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆற்றில் பாரம் ஏற்றிக்கொண்டு போன படகுகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

மாறி ஏறும் இடத்தில் நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் ஜேர்மனியின் நீண்ட தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 வீதம்தான், அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த சுணக்கத்தை நேரத்துக்கு வந்ததாகவே எண்ணுகிறார்கள். செயலி காட்டும் எட்டு நிமிட மாற்றத்தை நம்பி அம்மாவை ஓட வைக்கக் கூடாது. சுவிஸ் எல்லையில் உள்ள பாசலில் நாங்கள் 50 நிமிட இடைவெளி வைத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுணங்கினால் ரிக்கெட் விலையில் கால்வாசி, இரண்டு மணித்தியாலம் தாண்டினால் பாதி திருப்பிக் கேட்கலாம்.

சுவிசுக்குள் ஒப்பிட ஒன்றுமில்லை, எல்லாவற்றுக்கும் கோச்சிதான். பேர்ணில் ஐரோப்பாபிளாட்ஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 2014இல் திறந்த மதங்களின் இல்லம் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் சைவக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை. மாமா கட்டாயம் காட்ட வேண்டும் என்று கூட்டிப்போனார். நம்மட ஊர் ஆட்கள் அதைப் பார்க்காமல் வரக் கூடாது.

வீடு திரும்புதல்

பாரிசிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. ஒரே இருக்கையில் பத்து மணித்தியாலம் சொச்சம், இடையில் இறங்கத் தேவையில்லை. பாரிசில் தொடங்கிப் பாரிசில் முடிக்கிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நாங்கள் முடித்தது பேர்ணில். நேரடி விமானத்துக்காகத் திரும்பப் பாரிஸ் போவதென்றால் பாசலில் மாறி, பாரிசில் ‘கார் டு லியோன்’ நிலையத்தில் இறங்கி, மூன்று சூட்கேசோடு நகரத்தைத் தாண்டி விமான நிலையம் போக வேண்டும். பேர்ணிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கோ மாறாமல் போகும் வண்டி உண்டு. நிலையம் விமான நிலையத்துக்குக் கீழேயே இருக்கிறது. லிப்டில் ஏறினால் போதும். வளைகுடாவில் ஒரு தரிப்பு இருந்தாலும் எழும்பும் கணக்கில் சூரிச்தான் குறைவு. ஆகவே தொடக்கத்திலேயே பாரிசில் இறங்கி சூரிச்சில் ஏறுவது போல ஒரே ரிக்கெட்டாக எடுத்தோம்.

அந்த ஒரு தரிப்பின் நீளத்தைக் கவனியுங்கள். போகும்போது எங்களுக்கு இடையில் 80 நிமிடம்தான் இருந்தது. சக்கர நாற்காலி வரச் சுணங்கி, அம்மா வேர்க்க விறுவிறுக்க நடந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திரும்பும்போது மூன்று மணித்தியால இடைவெளி பார்த்து எடுத்தேன். சக்கர நாற்காலி உதவியை 48 மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும், காசில்லை. ஷெங்கன் வீசா இல்லாதவர் பாரிஸ், பிராங்க்பேர்ட் போன்ற ஷெங்கன் விமான நிலையத்தில் மாறி வேறு நாட்டுக்குப் போகும் ரிக்கெட் என்றால், வெளியே வராவிட்டாலும் இலங்கைப் பாஸ்போட்டுக்கு இடைத்தங்கல் வீசா கேட்பார்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வையுங்கள், கீழே போடும் பெட்டியில் உறைந்து பழுதாகலாம். கோடையில் நமக்கும் அங்கேக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று போகுமுன்பே டொக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து வீடு வருவதுதான் கடைசித் துண்டு. அதையும் சேர்த்துத்தான் விமான நேரம் பார்க்க வேண்டும். மட்டக்களப்புக்கு ஓடும் மீனகயா இரவுக் கோச்சியில் தூங்கிக்கொண்டு வரலாம், செலவு சொற்பம். ஆனால் அதற்கு முதலில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போக வேண்டும், மேடையில் காத்திருக்க வேண்டும், சூட்கேசைத் தூக்கி ஏற்ற வேண்டும். ஐரோப்பாவில் கோச்சியை வெல்ல வைத்த அதே கணக்கு இங்கே வான் வண்டியை வெல்ல வைக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்குத் தண்டவாளமே மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால் யோசிக்கவே தேவையில்லை, வான்தான். காலையில் தரையிறங்கும் விமானமாகப் பாருங்கள். ஹபரணை, மின்னேரியா, வெலிகந்தைப் பக்கம் யானை றோட்டுக்கு வருமுன் வெளிச்சத்தோடு தாண்டிவிடலாம்.

நாங்கள் ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறும்போது பின்னேரம் நாலரை. அம்மா ஏசியை நிற்பாட்டச் சொல்லி யன்னலைத் திறந்தார். “காலைப் பாரு புள்ள, வீங்கவே இல்ல” என்று நீட்டிக் காட்டினார்.