புதியது என்று வாங்கிய காபி இயந்திரத்தில் 2,356 கோப்பைக் கணக்கு

புதுச்சேரியில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் நான் தை மாதம் திருப்பிக் கொடுத்த காபி இயந்திரம், அதே கடையின் கண்ணாடி மேசைமேல் ‘புதுவரவு’ என்ற அட்டையுடன் மறுபடியும் நிற்பதாக என் தங்கை மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். சொட்டு விழும் தட்டின் இடது ஓரத்தில் நகத்தால் கிழித்தது போல் வளைவாக ஒரு கீறல் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதே கீறல்தான். என் பணம் இன்னும் முழுவதுமாகத் திரும்பாத நிலையில் கடையின் பெயரை எழுதுவது முறையல்ல என்பதால் அதைத் தவிர்த்து, ஏமாந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். பெரிய பொருள் ஏதேனும் வாங்க வேண்டுமென்றால் 20 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தொலைவில் உள்ள புதுச்சேரிக்குப் போய் விலை கேட்டுவிட்டு வருவது எங்கள் ஊரில் பலருக்கும் வழக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், காபிக் கொட்டையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் தானே அரைத்துத் தானே வடித்துத் தரும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அதற்கென்றே கிளம்பிப் போனோம்.

விற்பனையாளர் நன்றாகப் பேசத் தெரிந்த இளைஞர். “15 பார் பிரஷர் சார், இதைவிட ஸ்ட்ராங்கா காபி கிடைக்காது. நீங்க வீட்ல வாங்குற ஃபில்டர் பொடியையே போடலாம். மெயின்டனன்ஸே கிடையாது” என்று மூன்று உறுதிமொழிகளை ஒரே மூச்சில் தந்தார். மூன்றுமே தவறு என்பது இயந்திரம் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

பொத்தானை அழுத்தியதும் மேலே உள்ள கொட்டைத் தொட்டியிலிருந்து ஏழு முதல் பதினோரு கிராம் வரையிலான கொட்டை கிரைண்டருக்குள் இறங்கி, எஃகினாலோ பீங்கானாலோ ஆன இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே அரைபடுகிறது. அந்தப் பொடி, உள்ளே இருக்கும் கைப்பிடி அளவுள்ள ப்ரூ யூனிட் என்ற பகுதியில் விழ, ஒரு பிஸ்டன் அதை வில்லையாக அழுத்துகிறது. முதலில் சிறிது வெந்நீர் பொடியை நனைக்கிறது. பிறகு 90 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் பம்ப் தண்ணீரைத் தள்ள, அரை நிமிடத்துக்குள் காபி இறங்கிவிடுகிறது. சக்கை வில்லை தனியாக ஒரு பெட்டிக்குள் விழுகிறது. இதில் 15 பார் என்பது அந்தச் சிறிய பம்ப் அதிகபட்சமாகத் தரக்கூடிய அழுத்தம் மட்டுமே. எஸ்பிரஸோ எனப்படும் அடர்த்தியான காபி நன்றாக இறங்கப் பொடியின்மேல் ஏறத்தாழ 9 பார் இருந்தால் போதும். 15 என்றும் 19 என்றும் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதற்கும் காபியின் திடத்துக்கும் தொடர்பில்லை.

ஃபில்டர் பொடி பற்றிச் சொன்னது இன்னும் மோசமான தவறு. நம் ஊரில் வாங்கும் காபிப் பொடியில் சிக்கரி கலந்திருக்கும். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பதே விதி. ஆக, சிக்கரி 49 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. பித்தளை ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் மெதுவாகச் சொட்டுவதால் சிக்கரி அங்கே டிகாக்ஷனுக்குக் கொழுமை தருகிறது. அழுத்தத்தில் இயங்கும் இயந்திரத்திலோ அது நனைந்ததும் பிசுபிசுத்துச் சல்லடையின் நுண்துளைகளை அடைக்கிறது. கொட்டைத் தொட்டியில் பொடியைப் போடவே கூடாது. பல இயந்திரங்களில் பொடிக்கென்று தனி வழி உண்டு. அதிலும் சிக்கரி இல்லாத காபிப் பொடியை, ஒரு முறைக்கு ஒரு கரண்டி மட்டுமே போட வேண்டும்.

பராமரிப்பு கிடையாது என்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அச்சிட்ட விலை 72,000 ரூபாய், தீபாவளித் தள்ளுபடியில் 58,000, பில் வேண்டாம் என்றால் 54,000 என்றார். வரியையும் சேர்த்துத்தான் அந்த அச்சிட்ட விலை என்பது தெரிந்திருந்தும், நாலாயிரம் மிச்சம் என்ற ஆசையில் ஒரு மதிப்பீட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு யுபிஐ மூலம் பணம் செலுத்தினேன். அந்தச் சீட்டில் ‘காபி மெஷின் 1’ என்றுதான் இருந்தது. மாடல் எண்ணோ தொடர் எண்ணோ இல்லை. இந்தக் கதையில் என் பங்குக்கான குற்றம் அதுதான்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோதே அடையாளங்கள் இருந்தன. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், வருடம் ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில், கிழித்தெடுத்த பசைத் தடம் மட்டும் இருந்தது. கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருந்த, தண்ணீரின் உப்பை அளக்கும் காகிதப் பட்டை பெட்டியில் இல்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் பழைய காபித் தூள் வாசனை வந்தது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, தொழிற்சாலையில் காபி போட்டுச் சோதித்துத்தான் அனுப்புவார்கள் என்று பதில் வந்தது. பாதி உண்மை என்பதுதான் அந்தப் பதிலின் சாமர்த்தியம்: பல நிறுவனங்கள் அப்படிச் சோதிப்பது வழக்கம், புதிய இயந்திரத்தின் கிரைண்டரில் இரண்டு துகள் பொடி இருந்தால் அதற்காகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கியபோது அதன் அடிக்குழாயைச் சுற்றி வெண்மையாகச் சுண்ணாம்புப் பொருக்கு இருந்தது. சோதனைக்காக ஊற்றும் இரண்டு கோப்பைத் தண்ணீரால் பொருக்கு கட்டாது. அதைப் பார்த்துவிட்டும், துணியால் துடைத்துவிட்டு விட்டுவிட்டேன்.

கடையில் இலவசமாகக் கொடுத்த கொட்டை, எண்ணெய் தடவியது போல் கருகருவென்று மின்னியது. நன்றாக வறுத்தது என்று மகிழ்ந்தோம். அளவுக்கு மீறி வறுத்த கொட்டையின் எண்ணெய் மேலே கசிந்து தொட்டியின் சுவரிலும் கிரைண்டரின் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வாரத்தில் தொட்டி நிறையக் கொட்டை இருக்கும்போதே, கொட்டை தீர்ந்துவிட்டது என்று விளக்கு எரியத் தொடங்கியது. அடுத்த வாரம் கோப்பையில் பாதி, கீழே தட்டில் பாதி என்று தண்ணீர் ஒழுகியது. “டேய், தட்டுல இருக்கறத எடுத்து ஊத்திடு, அதுவும் காசு குடுத்ததுதானே” என்றார் அம்மா. அவர் முதல் நாளிலிருந்தே பித்தளை ஃபில்டரை விட்டு நகரவில்லை.

கடை அனுப்பிய ஆள், மெயின் போர்டு போய்விட்டது என்றும் 14,500 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். உத்தரவாதத்தைக் கேட்டபோது, பில் எங்கே என்றார். வேறு வழியின்றி, ஹோட்டல் காபி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ரெட்டியார்பாளையத்து மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் ப்ரூ யூனிட்டை உருவி, அதன் தலையில் இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்து, தட்டையாகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. வாரம் ஒரு முறை இந்த யூனிட்டை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், சில மாதங்களுக்கு ஒரு முறை வளையத்துக்கு உணவுத் தரக் கிரீஸ் தடவ வேண்டும், நம் கடற்கரை ஊர்களின் போர் தண்ணீரை ஊற்றினால் அடிக்கடி உப்பு நீக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். பராமரிப்பே கிடையாது என்று விற்ற பொருளின் நிலை இதுதான். வளையத்தின் விலை, போர்டு மாற்றச் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

பிறகு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியபடி இயந்திரத்தை இயக்கி, சர்வீஸ் கணக்கைத் திரையில் வரவழைத்தார். மொத்தக் கோப்பைகள்: 2,356. எங்கள் வீட்டில் ஆறு வாரமும் நாளுக்கு ஐந்து கோப்பை போட்டிருந்தாலும் 210தான் வரும். மீதி 2,146 கோப்பையை யாரோ குடித்திருக்கிறார்கள். ஏதோ ஓர் அலுவலகத்தில் நாளுக்கு இருபது கோப்பை என்று வைத்தாலும் மூன்றரை மாத உழைப்பு அது. திரையைப் படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்துடன் பதிவுத் தபாலில் கடைக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் இயந்திரத்தைத் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டார்கள். திருப்பித் தந்தது 40,000 ரூபாய். மீதி 14,000, நான் ‘பயன்படுத்தியதற்கான கழிவு’ என்றார்கள். எனக்கு முன்னால் பயன்படுத்தியவருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை.

கடை புதுச்சேரியில், நானோ தமிழ்நாட்டில். அங்கே போய்த்தான் வழக்காட வேண்டும் என்று நினைத்துச் சில வாரங்களை வீணாக்கினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துக் கேட்ட பிறகு தெளிவு கிடைத்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாதது எனக்குப் பலவீனம்தான் என்றாலும், யுபிஐ பதிவும் மதிப்பீட்டுச் சீட்டும் நான் பணம் கொடுத்ததைக் காட்டுகின்றன.

இந்த வகை இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் தொடர் எண் எழுதிய வரி பில் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். மூடிய பெட்டியைத் தங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, முதல் கோப்பை போடுவதற்கு முன்பே கோப்பைக் கணக்கைக் காட்டும்படி கேட்க வேண்டும். காட்டத் தெரியாது என்று சொல்லும் கடையில் பழுதுபார்க்கவும் தெரியாது. ப்ரூ யூனிட்டைக் கையால் உருவிக் கழுவ முடிகிற மாடலையே எடுப்பது நம் ஊர் ஈரத்துக்கு ஏற்றது. மழைக்காலத்தில் இரண்டு நாள் விட்டால் சக்கைப் பெட்டியில் பூஞ்சை பூத்துவிடுகிறது. காபி வறுக்கும் கடையில் பிளாண்டேஷன் ஏ அல்லது பீபரி என்ற தரத்துக் கொட்டையை நடுத்தர வறுவலில், அரைக்காமல் வாங்கலாம். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து எண்ணெய் ஒட்டினால் அதை விட்டுவிடலாம்.

என் மனு இப்போது கடலூரில் நிலுவையில் இருக்கிறது. தங்கை மகன் அனுப்பிய கீறல் படத்தையும் அச்செடுத்து நேற்று அதனுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.