ஹைஃபாங்கில் நின்ற 2 கன்டெய்னர்: எருமை இறைச்சி ஏற்றுமதியில் இறங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பிரேசில் மாட்டிறைச்சிக்குச் சீனா வரி போட்டுவிட்டதாமே, இனி நம் எருமைக் கறிக்குத்தான் காலமாமே?" என்றார். சொன்னது யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். 2018-இல் என்னை 49 லட்சம் ரூபாய்க்குக் கவிழ்த்த அதே தரகர். வெட்கப்பட்டு இத்தனை வருடம் வீட்டில்கூட முழுதாகச் சொல்லாத கதையை அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்தமாக ஆலை கிடையாது. சென்னையில் இருந்துகொண்டு, உத்தரப் பிரதேசத்து ஆலையில் சரக்கு வாங்கி, மும்பை நவசேவா துறைமுகத்தில் கப்பலேற்றும் வணிக ஏற்றுமதியாளன். அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் மிளகாயும் மஞ்சளும்தான். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பசு, காளை, கன்று இறைச்சியை நம் நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. எலும்பு நீக்கிய எருமை இறைச்சி மட்டும் போகலாம். அதுவும் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடாவில் பதிவு பெற்ற ஆலையிலிருந்து. உலகச் சந்தையில் அதுவும் மாட்டிறைச்சிக் கணக்கில்தான் சேரும். 2014-15-இல் ஏறக்குறைய 480 கோடி டாலருக்குப் போனது. பாசுமதி அரிசியையே அந்த வருடம் முந்தியது. அப்போது மிக அதிகமாக வாங்கிய நாடு வியட்நாம்.

வியட்நாம்காரர்கள் இவ்வளவு எருமைக் கறியா சாப்பிடுகிறார்கள் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அவர்கள் சாப்பிடவில்லை. பெரும்பகுதி ஹைஃபாங் துறைமுகத்தில் இறங்கி, மோங் காய் எல்லைக்குப் போய், ஆற்றைக் கடந்து சீனாவின் டோங்சிங்குக்குள் நுழைந்தது. கோமாரி நோயைக் காரணம் காட்டிச் சீனா நம் இறைச்சியை நேரடியாக அனுமதிப்பதில்லை. 2013-இல் சீனப் பிரதமர் டெல்லி வந்தபோது எருமை இறைச்சிக்கு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. கதவு மட்டும் திறக்கவில்லை. ஆகவே வியட்நாம் சட்டப்படி அது "தற்காலிக இறக்குமதி, மறு ஏற்றுமதி" சரக்கு. சீனச் சட்டப்படி கடத்தல். இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் இருந்த அந்த இடுக்கில்தான் இவ்வளவு பெரிய வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

தரகர் என்னிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வாங்குபவர் ஹைஃபாங்கில் பெரிய கை, அண்ணே. எல்.சி. கேட்டால் அடுத்த ஆளிடம் போய்விடுவார். 20 சதவீதம் முன்பணம், மீதி ஆவணங்களின் நகல் பார்த்ததும்" என்றார். எல்.சி. என்பது, ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் உறுதி. இரண்டு கன்டெய்னர், ஒவ்வொன்றிலும் 28 டன், 20 கிலோ அட்டைப்பெட்டிகளாக 1,400. டன்னுக்கு 3,150 டாலர். எனக்கு நிற்கும் லாபம் டன்னுக்கு 70 டாலர், மொத்தம் 3,920. முன்பணம் சொன்ன நாளில் வந்தது. அசல் பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் நிறுவனத்திடம் காட்டிச் சரக்கை எடுக்க வேண்டிய பத்திரம், என் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்தக் காகிதம் கையில் இருக்கும்வரை சரக்கு நம்முடையது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சரக்கு போய்ச் சேர்ந்த வாரத்தில் எல்லையில் கெடுபிடி. கடத்தல் இறைச்சியைச் சீனச் சுங்கத்துறை விரட்டி விரட்டிப் பிடித்த காலம் அது. அந்தச் செய்தி பொய்யல்ல. "ஐந்து நாள் பொறுங்கள், அண்ணே" என்றார் தரகர். ஐந்து, பத்தானது. குளிர்பதனக் கன்டெய்னர் சும்மா நிற்காது. மைனஸ் 18 டிகிரியில் வைக்க மின் இணைப்புக் கட்டணம், அதன்மேல் துறைமுகத்தில் தாமதமாக நிற்பதற்கு டெமரேஜ், கன்டெய்னரைக் காலத்தில் திருப்பித் தராததற்கு டிடென்ஷன். வாங்குபவர் எடுக்காவிட்டால் கப்பல் நிறுவனம் அனுப்பியவனிடம்தான் வந்து நிற்கும். வந்து நின்றது.

வேறு ஆளுக்கு விற்கப் பார்த்தேன். மறு ஏற்றுமதிக்கென்று வந்த சரக்கை வியட்நாமுக்குள் அப்படியே விற்க முடியாது; இறக்குமதி நடைமுறையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேறு பெயருக்கு மாற்றவோ திருப்பி எடுக்கவோ வேண்டுமானால், முதல் வாங்குபவர் தமக்குச் சரக்கு வேண்டாம் என்று கடிதம் தர வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்தை அவர் தரவே இல்லை. இழுப்பறையில் இருந்த காகிதத்தின் லட்சணம் அப்போதுதான் புரிந்தது. அவர் எடுப்பதை அது தடுக்கும். நான் விற்பதற்கு உதவாது.

முப்பதாவது நாள் தரம் பற்றிப் புகார் வந்தது. கூடவே ஒரு புகைப்படம்: பிரித்த பெட்டி, கறியின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பனிப்படிவு, "உருகி மறுபடி உறைந்திருக்கிறது" என்று குறிப்பு. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டை நீலம். எங்கள் ஆலை கட்டுவது பச்சை. ஓரத்தில் பாதி தெரிந்த ஆலைப் பதிவு எண்ணும் எங்களுடையது அல்ல. யாருடைய கறியையோ படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் கன்டெய்னர்களின் முத்திரையே உடைக்கப்படவில்லை என்று அங்கிருந்த ஏஜென்ட் பிறகு உறுதி செய்தார்.

பொய் என்று தெரிந்தும் அந்தப் புகார் அவர்களுக்குப் பயன்பட்டது. ஏன் என்று காப்பீட்டுப் பத்திரத்தைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு கொடுக்கும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டில், தரத் தகராறுக்குப் பணம் கிடையாது. வாங்குபவரின் நாட்டு நீதிமன்றத்தில் நாம் வென்று தீர்ப்போடு வந்தால்தான் பேச்சு. வாங்குபவர் தம் நாட்டில் இறக்குமதி அனுமதி பெறத் தவறினாலும் கிடையாது. கையெழுத்துப் போட்ட அன்று நான் படிக்காத பக்கங்கள் அவை. தரகர் படித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிறகு பேரம். 3,150-க்குப் பேசியதை 1,500 என்றார்கள். கெஞ்சி 1,900-க்கு முடித்தேன். அதில் மட்டும் 70,000 டாலர் போயிற்று, அன்றைய மதிப்பில் 49 லட்சம். கட்டணங்கள் தனி, அதைக் கூட்டிச் சொல்ல எனக்கே மனமில்லை. ஆலைக்காரருக்கு முழுப் பணமும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

விலை குறைத்து ஆவணங்களை விட்டுக்கொடுத்த நான்காவது நாள், கப்பல் நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கன்டெய்னரும் காலியாகித் திரும்பிவிட்டதாகக் காட்டியது. நாற்பது நாள் திறக்காத எல்லை எனக்காக நான்கே நாளில் திறந்துவிட்டது! கெடுபிடி உண்மைதான்; அதைக் காட்டி என்னை ஊறப்போட்டதுதான் மோசடி. தரகரிடம் கேட்டேன். "வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், அண்ணே" என்றார். என்னிடம் டன்னுக்கு 15 டாலர் கமிஷனும் வாங்கிக்கொண்டவர் அவர்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். 2026 ஜனவரி முதல் சீனா மாட்டிறைச்சிக்கு நாடுவாரியாக அளவு வைத்து, அதற்கு மேல் வந்தால் 55 சதவீதம் கூடுதல் வரி விதிக்கிறது. இது பிரேசில், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போல ஏற்கெனவே அனுமதி பெற்று விற்கிற நாடுகளின் சண்டை. நாம் அந்தப் பந்தியிலேயே உட்காரவில்லை. யார் இலையில் குறைந்தாலும் நமக்குப் பரிமாற மாட்டார்கள். அதை வைத்து "வழி திறக்கிறது" என்று யாராவது சொன்னால், அவர் மனதில் இருப்பது பழைய ஆற்றங்கரை வழிதான், ஊர் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

எருமைக் கறி விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலேசியா ஆலை ஆலையாகப் பார்த்து அனுமதி தருகிறது; இந்தோனேசியா 2016 முதல் வாங்குகிறது. அங்கே லாபம் மெலிது, காகிதம் அதிகம், போட்டியும் பெரிய ஆலைகளோடு. ஆனால் இறக்குமதி அனுமதி வாங்குபவரின் பெயரிலேயே இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். சரக்கு கடைசியாக எந்த நாட்டில் விற்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கப்பலேற்றும்போது மூன்றாம் தரப்பு ஆய்வாளரை வைத்துப் பெட்டி, முத்திரை எண், வெப்பநிலை மூன்றையும் படத்தோடு பதிவு செய்யுங்கள். நான் மிச்சம் பிடித்தது அந்தச் செலவைத்தான்.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இவர் இப்போது 30 சதவீதம் முன்பணம் தருகிறாராமே?" என்றார். கன்டெய்னர் முன்பதிவை அவர் இன்னும் ரத்து செய்யவில்லை.