அடிக்கடி காணாமல் போகும் ஹார்ட் டிஸ்குக்குத் தனி அடாப்டருள்ள சாட்டா டாக் உதவுமா?

ஃபைல் காப்பி பாதியில் நிற்கிறது, டிரைவ் மறைகிறது, சில நொடிகளில் தானாகவே திரும்பி வருகிறது. இப்படி நடந்தால் டிஸ்கைக் குறை சொல்லும் முன் அதற்குப் போகும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900. நீளமான மெல்லிய கேபிளும் கேபினட்டின் முன்பக்க போர்ட்டும் சேர்ந்தால் போர்ட் தரும் 5 வோல்ட் மின்னழுத்தம் மேலும் குறைந்து, டிஸ்க் ரீசெட் ஆகிவிடும். பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்கை அதன் சாட்டா முனையால் செருகி, யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் தாங்கிதான் யுஎஸ்பி-சாட்டா டாக். தனி 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் டாக் இந்தச் சந்தேகத்தை அடியோடு தீர்த்துவைக்கிறது. அதன் உண்மையான மதிப்பு அதுதான்.

வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைப் படியுங்கள். 3.5 அங்குல டிஸ்க் கிளம்பும்போது 12 வோல்ட்டில் மட்டுமே ஏறத்தாழ 2 ஆம்பியர் கேட்கும். ஒரு டிஸ்க் போடும் டாக்குக்கு 3 ஆம்பியர் இருந்தால் நிம்மதி. இரண்டு டிஸ்க் போடும் டாக்கை 2 ஆம்பியர் அடாப்டரோடு விற்றால் வாங்காதீர்கள். எந்தக் கோளாறுக்காக வாங்கினீர்களோ அதுவே திரும்ப வரும்.

காசு செலவழிக்கும் முன் இரண்டு வேலை. மதர்போர்டின் பின்பக்க போர்ட்டில், ஒரு மீட்டருக்குள் உள்ள வேறு கேபிளால் நேரடியாக இணைத்துப் பாருங்கள். பிறகு விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தை உறங்கவைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் டிஸ்க் மறைகிறது என்றால் இதிலேயே சரியாகிவிட வாய்ப்பு அதிகம். காப்பி ஓடும்போது மறைந்தால்தான் டாக்குக்கு வேலை.

டாக்கில் போட்டபின் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைக்கும் பதிவு) திறந்து 5, 197, 198, 199 ஆகிய எண்களுள்ள வரிகளின் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள் (அதில் இவை 05, C5, C6, C7 என்று தெரியும்). 5, 197, 198 ஏறினால் டிஸ்கின் பரப்பிலேயே பழுது. 199 என்பது சிஆர்சி பிழை, அதாவது தகவல் கடக்கும் வழியில் சிதைந்த தடவைகள். இதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது டிஸ்குக்கும் டாக்கில் சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் பிரிட்ஜ் சிப்புக்கும் இடையிலான சாட்டா இணைப்பை மட்டுமே எண்ணும். யுஎஸ்பி கேபிள் கெட்டிருந்தால் அது ஏறாது. பழைய எண்ணிக்கை அழியவும் அழியாது. ஆகவே ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து, முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்மார்ட் விவரத்தையே கடத்தாத பிரிட்ஜ் சிப்புகளும் உண்டு. அப்படிப்பட்ட டாக் இந்த வேலைக்கு உதவாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விண்டோஸ் பிழைகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 157 என்ற ஈவன்ட் எண் வந்தால் டிஸ்க் திடீரெனக் கழன்றது என்று பொருள். 153 என்றால் படிக்கவோ எழுதவோ மறுமுயற்சி நடந்திருக்கிறது. 157 மட்டும் தனியாக வந்தால் மின்சாரம், கேபிள், போர்ட் பக்கம் தேடுங்கள். 153 வரிசையாக வந்து 197-உம் ஏறினால் டிஸ்கின் பக்கம்.

குறைகளும் உண்டு. சில டாக்குகளின் ஃபர்ம்வேர் (உள்ளேயே பதித்த மென்பொருள்) சில நிமிடங்களில் டிஸ்கைத் தானே உறங்கவைக்கும். விண்டோஸில் எதை மாற்றினாலும் கேட்காது. லினக்ஸில் யுஏஎஸ் எனும் வேகமான யுஎஸ்பி தகவல் பரிமாற்ற முறையோடு ஒத்துப்போகாத பிரிட்ஜ் சிப்புகள் காப்பியின்போது ரீசெட் ஆகும். அந்தச் சிப்புக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைத்தால் நிற்கும், வேகம் கொஞ்சம் குறையும். செங்குத்தாக நிற்கும் டிஸ்கில் கை பட்டாலே ஆபத்து. நிரந்தரமாக ஓடவிட இது ஏற்றதல்ல.

எல்லா டிஸ்கையும் இதில் போடவும் முடியாது. சில போர்ட்டபிள் டிரைவ்களில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், உள்ளே சாட்டா முனையே இராது. வேறு சிலவற்றில் பழைய பெட்டியின் சிப் தகவலை என்கிரிப்ட் செய்தோ செக்டர் (டிஸ்கில் தகவல் எழுதும் துண்டு) அளவை மாற்றியோ எழுதியிருக்கும். அவற்றை டாக்கில் போட்டால் விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொல்லும். கேன்சல் கொடுத்துப் பழைய பெட்டியிலேயே திரும்பப் போடுங்கள். தகவல் அப்படியே இருக்கும்.

டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் டாக்கில் சோதிக்கவே வேண்டாம். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் முக்கியமென்றால் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.