ஜவுளிக்கடை வேலைக்குச் சேர்கிறவர்கள் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் பெரிய ஜவுளிக்கடைகளில் ஆள் எடுப்பார்கள். "விற்பனைப் பெண்கள் தேவை, முன் அனுபவம் வேண்டாம்" என்று பஸ் ஸ்டாண்டு தூணிலெல்லாம் ஒட்டியிருக்கும். அப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்துத்தான் 2024 ஜூனில் மதுரையில் ஒரு கடையில் சேர்ந்தேன். 2025 மார்ச்சில் விட்டுவிட்டேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. வேறு கடைகளில் வேலை பார்த்த தோழிகள் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான்.

சேர்ந்த அன்று ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ வாங்கிக்கொண்டு மூன்று தாள்களை நீட்டினார்கள். இரண்டில் அச்சடித்திருந்தது. மூன்றாவது வெறும் வெள்ளைத்தாள். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "இது எதுக்கு சார்?" என்றேன். "ஆபீஸ் ஃபார்மாலிட்டிம்மா, எல்லாரும் போடுறதுதான்" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். போட்டுவிட்டேன்.

சம்பளம் 14,000 ரூபாய். நேரம் காலை 9.30 முதல் இரவு 9 வரை. சாப்பாட்டுக்கு அரை மணி, அதுவும் டோக்கன் முறையில். என் டோக்கன் சில நாள் மதியம் 3.15க்குத்தான் வரும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. கூடுதல் நேரம் சேர்த்தாலும் 10 மணியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். இதெல்லாம் வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உட்காரும் கதை தனி. விற்பனையாளர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021ல் அதே சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். எங்கள் மாடியிலும் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல், பட்டுச்சேலை கவுண்டருக்குப் பின்னால். கூட்டமில்லாத நேரத்தில் ஒருநாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது, மைக்கில் குரல் வந்தது: "மூணாவது மாடி, யாரும்மா அது?" கேமராவில் பார்த்திருக்கிறார்கள். 50 ரூபாய் அபராதச் சீட்டு. ஒன்பது வருஷமாக அங்கே இருக்கும் அக்கா ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அது ஆபீசர் வர்ற அன்னைக்கு விரிக்கிறதுடி."

அபராதம் இப்படியே சேரும். பத்து நிமிஷம் தாமதத்துக்கு 100, செல்போனை எடுத்தால் 100. தீபாவளி மாதம் எனக்கு மொத்தம் 1,150 பிடித்தார்கள். சட்டப்படி அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது எனக்கு 420. எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும், நம் விளக்கத்தையும் கேட்க வேண்டும். எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

வருகைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. மாதக் கடைசியில்தான் அது மேலே வரும். முப்பது நாளும் ஒரே பேனாவில் ஏற்கெனவே நிரப்பியிருக்கும்: வரவு 10.00, இடைவேளை 1.00 முதல் 2.00, முடிவு 7.00. நாங்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம் ஏறும்.

மார்ச்சில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வேலையை விட்டேன். ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள். நோட்டீஸ் கொடுக்கவில்லையாம். ஒரு மாதம் அலைந்து பார்த்துவிட்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். (2025 நவம்பர் 21லிருந்து புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன்படி நாமாக விலகினாலும் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். எனக்கு அப்போது அது இல்லை.)

விசாரணைக்குக் கடைக்காரர்கள் ஃபைலோடு வந்தார்கள். பதிவேட்டில் எல்லாம் என் கையெழுத்து. அதிகாரி ஒரு தாளை என் பக்கம் திருப்பி, "ஏம்மா, இது நீங்க எழுதினதுதானே?" என்றார். "இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்ய முழுச் சம்மதம். கடையின் வேன் வசதியைப் பெற்றுக்கொள்கிறேன்" என்று டைப் அடித்திருந்தது. கீழே என் கையெழுத்து. பக்கத்தில் அந்தப் பென்சில் பெருக்கல் குறி, சரியாக அழியாமல். பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வைத்துக்கொள்ள எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அதற்குத்தான் அந்த வெள்ளைத்தாள். வேனை நான் கண்ணால் பார்த்ததில்லை. தினமும் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன்.

என்னைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, மாடி மேனேஜர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திகள்: "நாளை அனைவரும் 8.30க்கு ஆஜர்", "இன்று 11 வரை யாரும் கிளம்பக் கூடாது". கடையை விட்டதும் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். நல்லவேளை, பழைய செய்திகள் போனிலேயே இருந்தன. இன்னொன்று என் தம்பியின் பழைய கணக்கு நோட்டு. பஸ்ஸில் தூக்கம் வராமல் இருக்க, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாம் எழுதி, அபராதச் சீட்டுகளை அதிலேயே ஒட்டியும் வைத்திருந்தேன். கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 3 மணி கூடுதல், மாதம் 26 நாள், ஆக 78 மணி. இரட்டிப்பாகப் போட்டால் மாதத்துக்கு 10,500 ரூபாய். சாதாரண மாதத்துக்கே இவ்வளவு. தீபாவளி மாதத்துக்கு அவர்கள் கொடுத்தது ஒரு பாலியஸ்டர் சேலையும் ஆயிரம் ரூபாயும்.

நின்றுபோன சம்பளம் வந்தது, அபராதப் பணமும் வந்தது. கூடுதல் நேரத்துக்குப் பேரம் பேசி 30,000 தருவதாகச் சொன்னார்கள். கிடைக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அப்பா மருத்துவமனையில் இருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

"இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிய தாளைக் கொண்டுவந்தார்கள். தொகை, தேதி இரண்டு இடமும் காலியாக இருந்தது. நிரப்பிவிட்டுக் கொடுங்கள் என்றேன். கடை மேனேஜர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். நிரப்பியதும் நாலு தடவை படித்துவிட்டு, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் பேனாவைத் திறந்தேன்.